ஆறு நாள் மலையகம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

வேலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "உலகத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இலங்கை மலையகம் அதில் வந்துவிடுகிறது. எல்ல பாலம், மலைநாட்டு ரயில், உலக முடிவு, சிவனொளிபாதமலை. நேரில் போய்ப் பார்க்கும் அளவுக்குச் சரக்கு இருக்கிறதா, படம் மட்டும்தானா? தை கடைசியில் ஆறு நாள் வருகிறோம். நான், மனைவி, பத்தும் பதின்மூன்றும் வயதில் இரண்டு பிள்ளைகள், அறுபத்தெட்டு வயது அம்மா."

நான் பிறந்தது அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். பிறகு இருபத்திரண்டு வருடம் சுற்றுலா வேன் ஓட்டினேன். இந்த நாலு இடத்துக்கும் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: சரக்கு இருக்கிறது, ஆனால் நாலும் ஒரே தரம் இல்லை. என் வரிசையில் சிவனொளிபாதமலை முதலாவது. ரயில் இரண்டாவது. உலக முடிவு என்கிற மலை விளிம்பு மூன்றாவது, அதுவும் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்தால் மட்டும். நீங்கள் முதலில் எழுதியிருக்கும் பாலம் எனக்குக் கடைசி.

நாள் குறிக்கும் முன்னால் மழையைப் பற்றி ஒரு வார்த்தை. மலையகத்துக்கு இரண்டு முதுகு உண்டு. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா இருக்கிற மேற்குப் பக்கத்துக்கு வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கு மழை அடித்து ஊற்றும். அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளை இருக்கிற ஊவாப் பக்கத்தில் காய்ந்த காற்று வீசும். அந்தக் காற்றில் வாடி வரும் கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் பேர்போன வாசம் ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஊவாவுக்கு மழை. தை கடைசி என்பது இரண்டு பக்கமும் ஓரளவு வெளிச்சிருக்கும் காலம். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் கவனம்: 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகம் முழுக்க மண்சரிவு. ரயில் பாதையும் ரோட்டும் பல இடத்தில் அடிபட்டன. கிளம்புவதற்கு முன் எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று ஸ்டேஷனிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி ரயில். நாங்கள் கோச்சி என்போம். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் பாதை வந்தது. நானுஓயாவுக்கு 1885. பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் இதைப் போட்டது சுற்றுலாக்காரருக்கு இல்லை, முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்க. அதனால்தான் கோச்சி ஊர்களைத் தேடிப் போகாமல் தோட்டம் தோட்டமாக வளைந்து வளைந்து போகிறது. சுற்றிப் போகும் அந்தப் பாதையைத்தான் இன்றைக்கு உலகமே காசு கொடுத்துப் பார்க்கிறது.

கண்டியிலிருந்து எல்ல வரைக்கும் முழுதாகப் போக வேண்டாம். ஆறேழு மணி நேரம், பிள்ளைகள் பாதியிலேயே தூங்கிவிடும். நானுஓயாவில் ஏறிப் பண்டாரவளையில் இறங்குங்கள். பாதையின் உயிர் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. பட்டிப்பொல ஸ்டேஷன் 1,898 மீற்றர், நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் அதுதான். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். உள்ளே நுழைந்ததும் வண்டியில் இருக்கிற பொடியன்கள் எல்லாம் "ஹூ" என்று கத்துவார்கள், பயந்துவிடாதீர்கள், அது வழமை. சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் பனி மூடி முகம் தெரியாது, அந்தப் பக்கம் ஒஹியவில் வெயில் பளீரென்று அடிக்கும். மழை பிரிகிற முதுகெலும்பை ஊடுருவித்தான் சுரங்கம் போகிறது. மேலே சொன்ன இரண்டு முதுகையும் ஒரே நிமிடத்தில் கண்ணால் பார்க்கலாம். எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஒஹியவிலிருந்து அப்புத்தளை வரை வலது பக்க ஜன்னலில் இருங்கள். மலை அப்படியே சரிந்து தெற்குச் சமவெளி வரைக்கும் கீழே போகும்.

முன்பதிவு இருக்கைகள் பதிவு திறந்ததுமே போய்விடும். ஏஜெண்டுகள் சிலர் அதை வாங்கி வைத்து மூன்று மடங்குக்கு விற்பார்கள். எனக்கே ஒரு தடவை ஒரு ஆள் போன வார டிக்கெட்டைத் தலையில் கட்டிவிட்டான். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்பு எடுங்கள். ஏசிப் பெட்டியில் ஜன்னல் திறக்காது, மூன்றாம் வகுப்பில் திறக்கும். வடைக்காரர் கடலை விற்றுக்கொண்டு வருவார். கடலை கட்டித் தரும் சுருளைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய கொப்பித் தாளாக இருக்கும். நான் கடைசியாக வாங்கிய சுருளில் நீட்டல் அளவைக் கணக்கு, சிவப்பு மையில் நாலு சரி, ஒரு பிழை. எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசியில் மீற்றர் என்று எழுத மறந்திருந்தது அந்தப் பிள்ளை. என் மகளும் அப்படித்தான்.

பிள்ளைகளைக் கதவில் தொங்க விடாதீர்கள். படத்துக்காகத் தொங்கியவர்கள் கல்லிலும் கம்பத்திலும் மோதி விழுந்திருக்கிறார்கள், உயிரும் போயிருக்கிறது. சுரங்கத்துக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கை நீட்டும் இடம்கூட இருக்காது.

இப்போது அந்தப் பாலம். எல்லக்கும் தெமோதரைக்கும் நடுவில், 1921இல் கட்டியது. ஒன்பது வளைவு, 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். கல், செங்கல், சீமெந்து தவிர இரும்பு கிடையாது. வர வேண்டிய இரும்பு முதல் உலகப் போருக்குப் போய்விட்டதால் ஊர்க்காரர்கள் கல்லாலேயே கட்டி முடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அழகான வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பார்த்த படத்தில் பாலமும் கோச்சியும் மட்டும் இருக்கும். நேரில் போனால் பாலத்தின் மேலே முந்நூறு பேர் கையில் போனோடு நிற்பார்கள். இருபது நிமிடம் போதும். எல்ல டவுனும் அப்படித்தான், எங்கள் ஊர் என்றே தோன்றாது.

அதைவிட ஒரு ஸ்டேஷன் தள்ளி, தெமோதரையில் இறங்கிப் பாருங்கள். மலை ரயில் பாதைக்கு ஒரு கட்டு உண்டு, 44 அடி போனால் ஒரு அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது. தெமோதரையில் நிலம் அதைவிடச் செங்குத்து. அதனால் பாதையை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டி வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள். மேடையில் நின்றால் இப்போது போன கோச்சி கொஞ்ச நேரத்தில் உங்கள் காலடியில் போகும். பிள்ளைகளுக்கு இது பாலத்தைவிடப் பிடிக்கும், எழுதித் தருகிறேன். இதற்கும் ஒரு கதை சொல்வார்கள். எப்படி இறக்குவது என்று தெரியாமல் எஞ்சினியர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டினாராம், அதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். உண்மையோ பொய்யோ, கதையில் எஞ்சினியருக்குப் பேர் இருக்கிறது, கங்காணிக்கு இல்லை.

சிவனொளிபாதமலைக்கு வருகிறேன். 2,243 மீற்றர். நாட்டில் இதைவிட உயரமான மலைகள் இருக்கின்றன, பிதுருதலாகலை 2,524. ஆனால் இப்படித் தனியாகக் கூம்பி நிற்கும் மலை வேறு இல்லை. உச்சியில் பாறையில் இருக்கும் பாதத்தை நாம் சிவன் பாதம் என்கிறோம், பௌத்தர்கள் புத்தர் பாதம் என்கிறார்கள், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதம் என்கிறார்கள். மொரோக்கோவிலிருந்து வந்த பயணி இபுனு பதூதா 1344இல் ஏறியிருக்கிறார். உலகப் புகழ் என்று பேசுகிறோமே, இதற்கு அது போன் வருவதற்கு அறுநூறு எழுநூறு வருடத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரைக்கும் பருவம். அப்போது அடியிலிருந்து உச்சி வரை மின்விளக்கு எரியும், வழியெல்லாம் தேத்தண்ணிக் கடை. நல்லதண்ணியிலிருந்து ஏறுவதுதான் சுருக்கம். ஏறத்தாழ 5,500 படி. நடுராத்திரி ஒன்றரைக்குக் கிளம்பினால் விடிவதற்கு முன் சேரலாம். பௌர்ணமியும் சனி ஞாயிறும் தவிருங்கள், அந்த நாட்களில் கடைசிப் படிகளில் மணிக்கணக்கில் நின்றே ஏற வேண்டியிருக்கும்.

ஏறும்போது பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம், மூன்று தலைமுறை, "கருணாவய்" என்று சொல்லிக்கொண்டே வரும். நம்மவர்கள் அரோகரா போடுவார்கள். எண்பது வயதுப் பாட்டியை இரண்டு பேரன்கள் கைத்தாங்கலாகத் தூக்குவதைப் பார்ப்பீர்கள். உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை அடி அடிக்க வேண்டும். பிள்ளைகள் ஒரு அடி அடிக்கட்டும். அப்புறம் சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கே பார்ப்பார்கள். நீங்கள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் பிசிறில்லாத முக்கோணமாகக் கீழே பனியின் மேலே விழுந்து கிடக்கும். நான் முதன்முதல் பார்த்தது பதினொரு வயதில், என் அப்பாவோடு. ஏறும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாத மனிதர், நிழலைக் காட்டி, "அதோ பார், மலை படுத்திருக்கு" என்றார். கொஞ்ச நேரத்தில் சூரியன் ஏற ஏற அது சுருங்கி மலைக்குள்ளேயே போய்விடும்.

உங்கள் அம்மா ஏற வேண்டாம். ஏறுவது நெஞ்சுக்குப் பாடு, இறங்குவது முட்டிக்குப் பாடு, இரண்டாவதுதான் பெரிய பாடு. நல்லதண்ணியில் ரூமில் தூங்கட்டும். விடிந்ததும் ஜன்னலைத் திறந்தால் மலை அங்கே நிற்கும், அங்கிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம்.

உலக முடிவு ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே ஒரு புல்வெளி, அதன் விளிம்பில் நிலம் திடீரென்று முடிந்து 870 மீற்றருக்குக் கீழே விழுகிறது. சுற்றி வர ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடை. கீழே ஒரு தோட்டம் தெரியும், லயங்கள் தீப்பெட்டி அடுக்கியது மாதிரி. மேலே நிற்பவர்கள் உலகம் முடிந்துவிட்டது என்கிறார்கள், கீழே எங்கள் ஆட்கள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்கிறார்கள். இந்தச் சமவெளியும் சிவனொளிபாதக் காடும் நக்கிள்ஸ் மலையும் சேர்த்து 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன.

கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை அங்கே கூட்டிப்போனேன். நுவரெலியாவில் காலைச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோம் என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை, அது என் பிழை. விளிம்புக்குப் போகும்போது பதினொரு மணி. வெள்ளைச் சுவர். கையை நீட்டினால் கை தெரியவில்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவு தூரம்? எங்க வீட்டு ஃப்ரீஸரைத் திறந்தாலும் இப்படித்தான் இருக்கும்" என்றார். பாவம், உண்மைதான். விடியற்காலை கேட் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும், ஒன்பதரைக்கு மேல் போனால் அதிர்ஷ்டம் பார்க்கிற கதை.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது, இந்தத் தடவை உலக முடிவை விட்டுவிடுங்கள். சிவனொளிபாதமலை ஏறினால் அடுத்த இரண்டு நாள் கெண்டைக்கால் பேசிக்கொண்டே இருக்கும். அதோடு ஒன்பது கிலோமீற்றர் நடந்தால் பத்து வயதுப் பிள்ளை அழும். இரண்டில் ஒன்று போதும்.

கண்டியை மற்றவர்களுக்கு ஒரு விதமாகச் சொல்வேன், வேலூர்க்காரர்களுக்கு வேறு விதமாக. கண்டியின் கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழி, இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் வெள்ளைக்காரன் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்தான், 1832இல் அங்கேயே செத்தார். உங்கள் ஊர்ப் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர் சமாதி இருக்கிறது. புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்கு முன்னால் இருக்கும் குளம் அவர் வெட்டியது. பக்கத்தில் மரத்தூண் மண்டபம் ஒன்று உண்டு, அங்கேதான் அவருடைய நாட்டை வெள்ளைக்காரன் கையில் கொடுத்து எழுதினார்கள். முத்து மண்டபத்தைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள், ஒரு கதையின் இரண்டு முனையும் உங்களுக்குக் கிடைக்கும்.

மாளிகைக்குள் அந்தப் பல்லைப் பார்க்க முடியாது, பேழைதான் தெரியும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பூசை நேரத்தில் போனால் மேளம் கேட்கலாம். வெளியே வந்ததும் எல்லாரும் வேனுக்கு ஓடுவார்கள். ஓடாதீர்கள், சுற்றிலும் தேவாலயங்கள் இருக்கின்றன, தெய்வங்களின் கோயில்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பத்தினித் தேவாலயம் என்று ஒன்று, அந்தப் பத்தினி நம்முடைய கண்ணகி. கதிர்காமத் தேவாலயம் இன்னொன்று, அது முருகன். ஆடி ஆவணியில் நடக்கும் பெரகராத் திருவிழாவில் மாளிகையின் யானைக்குப் பின்னால் இந்தத் தெய்வங்களின் ஊர்வலமும் போகும். பேராதனைப் பூந்தோட்டமும் நல்ல இடம். அம்மாவுக்குச் சமதரை நடை, ராசபனை வரிசைக்குக் கீழே ஒரு மணி நேரம்.

நுவரெலியாவில் ஒரு ராத்திரிக்கு மேல் வேண்டாம். ஏரியில் போட், குதிரை, சிவப்புச் செங்கல் தபால் கந்தோர், அவ்வளவுதான். ஊட்டி பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. குளிர் மட்டும் நிஜம், தையில் சில விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும். பதுளை ரோட்டில் சீதா எலியவில் சீதையம்மன் கோயில் இருக்கிறது, ஆற்றுப் பாறையில் அனுமன் பாதம் என்று குழிகளைக் காட்டுவார்கள். 2024 வைகாசியில் கும்பாபிஷேகம் நடந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கும்.

தேயிலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் அம்மா கோபிப்பாள். ரோட்டோரம் புதுப் புடவை கட்டி, பூ வைத்து, காலிக் கூடையோடு சில பெண்கள் நிற்பார்கள், படம் எடுத்தால் காசு கேட்பார்கள். பிழைப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் உண்மையில் கொழுந்து எடுப்பவர் அப்படி இருக்க மாட்டார். இடுப்பிலிருந்து கால் வரை படங்கு சுற்றியிருப்பார், காலில் அட்டை ஏறாமல் சோப்பு தேய்த்திருப்பார். என் அம்மா முப்பத்தாறு வருடம் எடுத்தாள். இன்றைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தானாக அசையும், இரண்டு இலை ஒரு மொட்டு. விரல் நுனியில் கறுப்புக் கோடு, எந்தச் சோப்புக்கும் போகவில்லை. பல தோட்டங்களில் நாளுக்குப் பதினெட்டுக் கிலோ அளவில் எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம் விழும், குறைந்தால் அரைப்பேர். அந்தப் பதினெட்டுக் கிலோவும் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய் வாடி, அரைபட்டு, காய்ந்து வரும்போது நாலு கிலோ தூள்கூடத் தேறாது. மலையில் யாரையாவது படம் எடுக்க ஆசைப்பட்டால், "அக்கா, எடுக்கலாமா?" என்று தமிழில் கேளுங்கள். வெள்ளைக்காரர் யாரும் கேட்க முடியாத விதமாக நீங்கள் கேட்கலாம். "எந்த ஊரு? எங்க தாத்தாவும் அந்தப் பக்கம்தான்" என்று பேச்சு வளரும்.

அதற்கு ஏற்ற இடம் அப்புத்தளையிலிருந்து மேலே தம்பேதன்னைத் தோட்டம். லிப்டன் துரை 1890இல் கட்டிய ஸ்டோர் இன்னும் ஓடுகிறது. அங்கிருந்து ஆறேழு கிலோமீற்றர் மேலே அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம், லிப்டன் சீட். ஆட்டோ போகும், அம்மாவும் வரலாம். காலை ஆறு மணிக்கெல்லாம் உச்சியில் இருங்கள், திரும்பும்போது கொஞ்ச தூரம் இறங்கி நடங்கள். என் கணக்கில் உலக முடிவுக்கு இது பாதி ஈடு. உயரமாக நின்று கீழே பார்க்கும் சந்தோஷம் இருக்கிறது, ஒன்பது கிலோமீற்றர் நடை இல்லை. ஞாயிறில் பல தோட்டங்களில் கொழுந்து எடுப்பதில்லை, வார நாளில் வாருங்கள்.

கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் பாவித்த கூடை, கத்தி, அம்மி, பெட்டி, அடையாளத் துண்டு எல்லாம் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் வராது. கண்டியிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது.

ஆக உங்கள் ஆறு நாளை நான் இப்படி ஓட்டுவேன். முதல் நாள் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேரே கண்டி, மாலைப் பூசை. இரண்டாம் நாள் காலை பேராதனை, வழியில் அந்த லயம், இருட்டும் முன் நல்லதண்ணி, எட்டு மணிக்குத் தூக்கம். ஒன்றரைக்கு ஏறுங்கள். மூன்றாம் நாள் பகல் இறங்கிச் சாப்பிட்டுத் தூங்கி, பின்னேரம் நுவரெலியா. நாலாம் நாள் காலை சீதையம்மன் கோயில், பிறகு நானுஓயாவில் கோச்சி. சாமான்களோடு வேன் ரோட்டால் பண்டாரவளைக்குப் போய்க் காத்திருக்கட்டும். ஐந்தாம் நாள் விடியலில் லிப்டன் சீட், மத்தியானம் தெமோதரை, மனம் கேட்காவிட்டால் பாலத்துக்கு இருபது நிமிடம். ஆறாம் நாள் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்பு. அந்த வழியில் பம்பரகந்த என்று 263 மீற்றர் அருவி இருக்கிறது, நாட்டிலேயே உயரமானது. ஆனால் மாசி நெருங்கும்போது தண்ணீர் நூலாகத்தான் விழும், அதற்காக வண்டியைத் திருப்ப வேண்டாம்.

ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், பிள்ளைகளுக்குக் குல்லாய், அம்மாவுக்குக் காலுறை. தூள் வாங்கினால் நுவரெலியாக் கடைகளில் தகர டப்பாவுக்குக் காசு கொடுக்காமல் ஸ்டோர் வாசலில் வாங்குங்கள், பிஓபி என்று கேளுங்கள், அது தூளின் ஒரு தரம். பால் ஊற்றாமல் ஒரு தடவை வெறுந்தேத்தண்ணியாக, சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு குடித்துப் பாருங்கள். எங்கள் லயத்தில் அப்படித்தான்.